மகளை கார்டியாக் டெக்னாலஜி படிக்க வைக்கலாமா? கேத்லேப்பில் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்

ரவி_கணபதி எழுதியது:

வணக்கம். நான் கோவை கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு மெஷின், நான், ஒரு பையன். என் மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள். பயாலஜி குரூப், 512 மார்க். நீட் எழுதினாள், கிடைக்கவில்லை. இன்னொரு வருடம் கோச்சிங் போ என்றால் மாட்டேன் என்கிறாள்.

போன கார்த்திகையில் எனக்கு நெஞ்சுவலி வந்து, கேத்லேப் என்ற எக்ஸ்ரே அறையில் வைத்து மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்தார்கள். முழு நினைவோடுதான் படுத்திருந்தேன். டாக்டர் திரையைப் பார்த்து வேலை செய்துகொண்டிருந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் மைக்கில் "சார், பிரஷர் டேம்ப் ஆகுது" என்றது. டாக்டர் அப்படியே கையை நிறுத்தி, எதையோ கொஞ்சம் பின்னால் இழுத்தார். "இப்ப சரி சார்" என்றது அதே குரல். நடுவில் ஒரு தடவை "நல்லா இருமுங்க, இருமுங்க" என்று என்னை வேறு இரும வைத்தார்கள். ஒரு ஸ்டென்ட்டோடு வீட்டுக்கு வந்தேன்.

இதைச் சொன்னபோது வீட்டில் எல்லோரும் என் அடைப்பு எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். மகள் மட்டும், "டாக்டரையே நிறுத்த வெச்ச அந்தம்மா யாருப்பா, என்ன படிச்சிருக்காங்க?" என்று கேட்டாள். விசாரித்தேன். பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜி என்றார்கள். அன்றிலிருந்து அதே பேச்சுதான்.

ஒரு தனியார் கல்லூரியில் போய்க் கேட்டோம். வழவழ தாளில் நோட்டீஸ் கொடுத்தார்கள். நூறு சதவீத வேலை, வெளிநாட்டு வாய்ப்பு என்று போட்டிருக்கிறது. எங்கள் ஊரில் இப்படிப் போட்ட நோட்டீஸை நம்பி பையனை இன்ஜினியரிங் சேர்த்தவர்கள் நிறைய பேர், அதனால்தான் இங்கே கேட்கிறேன். இது உண்மையில் என்ன வேலை? சம்பளம் எப்படி? எக்ஸ்ரே அறையிலேயே நாள் முழுக்க நிற்க வேண்டும் என்கிறார்களே, பெண் பிள்ளைக்கு அது சரிப்படுமா என்று அவள் அம்மாவுக்குப் பயம். இன்னொரு இடத்தில் கார்டியோவாஸ்குலர் டெக்னாலஜி என்று வேறு பெயர் சொன்னார்கள். இரண்டும் ஒன்றுதானா?

பம்ப்ரூம் எழுதியது:

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இதில்தான் தவறான கோர்ஸில் சேருகிறார்கள். நான் பெர்ஃப்யூஷனிஸ்ட். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்யும்போது இதயத்தை நிறுத்தி, அதன் வேலையை ஒரு மெஷினுக்கு மாற்றுவார்களே, அந்த ஹார்ட்-லங் மெஷினை ஓட்டுவது எங்கள் வேலை. அதற்குப் பெர்ஃப்யூஷன் என்று தனிப் படிப்பு. கார்டியாக் டெக்னாலஜி படித்தவர்கள் கேத்லேப், எக்கோ (இதய ஸ்கேன்), டிஎம்டி (நடக்க வைத்து எடுக்கும் இசிஜி), ஹோல்டர் (உடம்பில் மாட்டி நாள் முழுக்க எடுக்கும் இசிஜி) பக்கம் போவார்கள். அங்கிருந்து இங்கே மாற முடியாது, இங்கிருந்து அங்கேயும் போக முடியாது. விண்ணப்பத்தில் இரண்டு பெயரும் அடுத்தடுத்து இருக்கும். பார்த்து டிக் அடிக்கச் சொல்லுங்கள். மற்றதைக் கேத்லேப்காரர்கள் சொல்லட்டும்.

மதுரை_கேத்லேப் எழுதியது:

ரவி அண்ணா, வணக்கம். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆள் நான்தான். உங்கள் ஆஞ்சியோவில் இல்லை, ஆனால் அதே நாற்காலி, அதே மைக். 2008-ல் படிப்பை முடித்தேன், இப்போதும் கேத்லேப்தான். நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த "டேம்ப்" என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் வேலையே புரிந்துவிடும். உங்கள் மணிக்கட்டில் விட்ட கத்தீட்டர் என்ற மெல்லிய குழாய் பெரும்பாலும் 6 ஃப்ரெஞ்ச் அளவு. 3 ஃப்ரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர், அப்படியென்றால் வெளி விட்டம் 2 மி.மீ. அதன் நுனி இதயத்தின் ரத்தக் குழாய் வாயில் போய் உட்காரும். வெளியே இருக்கும் முனை டிரான்ஸ்டியூசர் என்ற சின்னக் கருவியோடு சேர்ந்திருக்கும். நுனியில் ரத்தம் எவ்வளவு அழுத்தத்தில் அடிக்கிறதோ, அது என் திரையில் அலையாக ஓடும். நல்ல அலை மலை மாதிரி ஏறி, இறங்கும் வழியில் ஒரு சின்னப் படி விட்டு இறங்கும். நுனி குழாயின் சுவரில் முட்டினாலோ, வாயிலேயே அடைப்பு இருந்து அதை நுனி மூடிக்கொண்டாலோ, அந்த மலை சப்பையாகிவிடும். அதுதான் டேம்ப். அந்த நிலையில், எக்ஸ்ரேயில் குழாய் தெரிவதற்கான மருந்தை அழுத்திச் செலுத்தினால் குழாயின் உள்சுவர் கிழியலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அந்த நொடியில் டாக்டரின் கண் எக்ஸ்ரே படத்தில் இருக்கும். மற்ற எல்லோர் கண்ணும் படத்தில்தான் இருக்கும், ஏனென்றால் படம் பார்க்க அழகாக இருக்கும். அலையைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் சம்பளம்.

இரும வைத்தது பற்றி உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள், பிடிக்கும். 1958-ல் அமெரிக்காவில் கிளீவ்லண்ட் கிளினிக்கில் மேசன் சோன்ஸ் என்ற டாக்டர் மகாதமனியைப் படம் எடுக்கப் போனார். கத்தீட்டர் நகர்ந்து இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் வலது கொரோனரிக் குழாய்க்குள் நுழைந்து, மருந்து மொத்தமும் அதற்குள் போய்விட்டது. இதயம் நின்றுவிட்டது. அவர் அந்த நோயாளியை இருமச் சொல்லிக் கத்தினார். இருமியதும் துடிப்பு திரும்பியது. கொரோனரி ஆஞ்சியோகிராம் பிறந்ததே அந்தத் தப்பில்தான். இன்றைக்கும் மருந்து செலுத்தியதும் துடிப்பு மந்தமானால் நாங்கள் சொல்லும் முதல் வார்த்தை "இருமுங்க".

சரி, வேலை. காலை ஏழரைக்கு லேப். டிஃபிப்ரிலேட்டர் (நெஞ்சில் ஷாக் கொடுக்கும் மெஷின்) சார்ஜ் ஆகிறதா என்று அடித்துப் பார்ப்பது, ஆக்சிஜன், சக்ஷன், அன்றைய லிஸ்டில் யாருக்கு கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்த அளவு) அதிகம், யாருக்கு முன்பு அலர்ஜி என்று பார்ப்பது. அப்புறம் டிரான்ஸ்டியூசரை ஜீரோ செய்வது, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் பூஜ்யமாக வைப்பது. கேஸ் நடக்கும்போது பிரஷர், இசிஜி, ஏசிடி (ரத்தம் உறைய எத்தனை நொடி ஆகிறது என்ற கணக்கு), எந்த நிமிடம் எந்த மருந்து என்ற பதிவு. ஸ்டென்ட் கேட்டால் அலமாரியிலிருந்து எடுத்து, அளவைச் சத்தமாகப் படித்துக் காட்டி, டாக்டர் "ம்" சொன்ன பிறகுதான் பிரிக்க வேண்டும். ஸ்டென்ட் 2.5, 2.75, 3.0 என்று கால் மில்லிமீட்டர் கணக்கில் வரும். தப்பானதைப் பிரித்துவிட்டால் திரும்ப அலமாரிக்குப் போகாது. உள்ளே விடும் ஒயர் 0.014 இன்ச், உங்கள் பட்டறைப் பேச்சில் 14 தவு (தவு என்றால் இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உங்களுக்குத்தான் இது சட்டென்று புரியும், அதனால் சொன்னேன். அடைப்பை விரிக்கும் குட்டிப் பலூனை ஊதும்போது டாக்டர் "பன்னெண்டு" என்பார், அது எத்தனை அட்மாஸ்ஃபியர் அழுத்தம் என்பது. நான் நொடிகளை எண்ணுவேன்.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம். டிரான்ஸ்டியூசர் நோயாளியின் நெஞ்சின் நடு உயரத்தில் இருக்க வேண்டும். ஜீரோ செய்துவிட்டேன், எல்லாம் சரி. அப்புறம் டாக்டர் டேபிளை உயர்த்தினார். டிரான்ஸ்டியூசர் கம்பத்தில் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பத்து சென்டிமீட்டர் கீழே இருந்தால் ஏழு எட்டு பாயின்ட் அதிகமாகக் காட்டும். அன்றைக்கு அதற்கும் மேலேயே இறங்கியிருந்தது. திரையில் 168. உண்மையில் 150-க்கும் கீழே. டாக்டர் பிரஷரைக் குறைக்க நைட்ரோ கேட்டுவிட்டார். சிஸ்டர் சிரிஞ்சில் ஏற்றியும் விட்டார். எங்கள் சீனியர் ஒருவர், ரிட்டயர் ஆகும் வயது, டீ கிளாஸோடு உள்ளே வந்தவர், திரையைக்கூடப் பார்க்கவில்லை. கம்பத்தைப் பார்த்தார். "பாப்பா, டேபிள் ஏறிடுச்சு, உன் டப்பா ஏறலையே" என்றார். அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்போதும் டேபிள் மோட்டார் சத்தம் கேட்டால் என் கழுத்து தானாகக் கம்பத்துப் பக்கம் திரும்பும்.

படிப்பு: எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் மூன்று வருடம், அப்புறம் ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க்தான். பாராமெடிக்கல் டிகிரிகளுக்கு அரசு தேர்வுக் குழு கவுன்சலிங் நடத்தும், முதலில் அதில் கட்டாயம் விண்ணப்பியுங்கள். அரசு மருத்துவக் கல்லூரியில் சீட் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுங்கள். கட்டடம் பழையதாக இருக்கும், ஆனால் கேஸ் குவியும். கேஸ்தான் படிப்பு.

தனியார் என்றால் நோட்டீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் சொந்த ஆஸ்பத்திரியில் கேத்லேப் இருக்கிறதா, போன மாதம் எத்தனை கேஸ்?" கேத்லேப்பில் கேஸ் ரெஜிஸ்டர் இருக்கும். நோயாளி பெயரை மறைத்துவிட்டு ஒரு பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். தேதி தேதியாக ஆஞ்சியோ, பிடிசிஏ (பலூன், ஸ்டென்ட் சிகிச்சை), பேஸ்மேக்கர் என்று வரிசை நிறைந்திருந்தால் நல்லது. என்னோடு வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் படித்த கல்லூரியில் லேப்பே கிடையாது. வாரம் மூன்று நாள் வேனில் ஏற்றி வேறொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அங்கே இருபது பேர் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பார்களாம். இன்டர்ன்ஷிப்பில் ஸ்ட்ரெச்சர் தள்ளியதும் பில்லிங் கவுன்டருக்கு ஃபைல் தூக்கியதும்தான் மிச்சம். யுனிவர்சிட்டி மார்க் என்னைவிட அதிகம். வேலைக்கு வந்த முதல் வாரத்தில் இசிஜி எடுத்தாள், 'லீட் 1' என்ற வரி முழுக்கத் தலைகீழ். நோயாளிக்கு ஏதோ பெரிய வியாதி என்று பயந்து ஓடி வந்தாள். வலது கை ஒயரையும் இடது கை ஒயரையும் மாற்றிப் போட்டிருந்தாள். கெட்டிக்காரிதான், ஆறு மாதத்தில் தேறிவிட்டாள். அந்த ஆறு மாதத்தை அவள் கல்லூரி தந்திருக்க வேண்டும், காசு வாங்கியது அவர்கள்தானே.

சம்பளம்: 2008-ல் எனக்கு மாதம் 5,500 ரூபாய். அப்பாவிடம் சொல்ல வெட்கப்பட்டு ஏழாயிரம் என்று சொன்னேன். அடுத்த சில வருடங்களில் நிலைமை மாறியது. 2009-ல் கலைஞர் காப்பீடு, 2012-ல் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அதுவரை காசில்லாமல் வராதவர்கள் வர ஆரம்பித்தார்கள். சின்ன ஊர்களிலும் கேத்லேப் திறந்தார்கள், அனுபவமுள்ள ஆளுக்குத் தேவை வந்தது. ஆனால் இன்றும் புதிதாக வருபவர்களுக்குத் தொடக்கச் சம்பளம் குறைவுதான், பொய் சொல்ல மாட்டேன். மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு பெரிய லேப்பில் இருந்தால் அதன் பிறகு கேட்டு வாங்கலாம். அரசு வேலை எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் எப்போதாவது வரும். அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

எக்ஸ்ரே பயம்: அண்ணியிடம் என் நம்பிக்கையைச் சொல்லாமல் கணக்கைச் சொல்கிறேன். சட்டைக்கு மேலே, கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரனுக்கு உள்ளே, கதிரை அளக்கும் டிஎல்டி பேட்ஜ் போடுவோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அது போய், எவ்வளவு கதிர் வாங்கினோம் என்று ரீடிங் வரும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. கண்ணாடிக்குப் பின்னால் உட்காருபவருக்குக் கிடைப்பது மிகக் குறைவு. கை கழுவி, கவுன் போட்டு (ஸ்க்ரப் ஆகி) டேபிள் பக்கத்தில் நிற்கும்போதுதான் கவனம் வேண்டும். ஓர் அடி பின்னால் நகர்வது சும்மா இல்லை, தூரம் இரட்டிப்பானால் கதிர் கால் பங்காகிவிடும். பேட்ஜைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டு வேலை செய்யச் சொல்லும் இடங்களும் இருக்கின்றன, ரீடிங் ஏறினால் கேள்வி வரும் என்று. அப்படி ஒரு இடம் என்றால் உங்கள் மகள் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடட்டும். நான் மாசமாக இருந்தபோது எழுதிக் கொடுத்தேன், எக்கோவுக்கும் டிஎம்டிக்கும் மாற்றினார்கள். என் பையன் இப்போது ஏழாம் வகுப்பு, வீட்டில் அவன் சத்தம் தாங்கவில்லை.

உண்மையில் எனக்குத் தொல்லை கொடுத்தது கதிர் இல்லை, முதுகு. எங்கள் லேப் ஏப்ரன் ஐந்து கிலோவுக்குக் குறையாது. ஒற்றைத் துண்டு ஏப்ரன் தோளைக் கொல்லும். பாவாடையும் மேல்சட்டையுமாக இரண்டு துண்டாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இரவு. மாரடைப்புக்கு நேரம் காலம் கிடையாது. ஆன் கால் நாளில் ராத்திரி இரண்டே முக்காலுக்கு போன் வரும், "பிரைமரி வருது". மாரடைப்போடு வருபவருக்கு உடனே அடைப்பைத் திறப்பதுதான் பிரைமரி. ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்ததிலிருந்து 90 நிமிடத்துக்குள் குழாயைத் திறக்க வேண்டும் என்பது கணக்கு. அந்த 90-ல் நான் வண்டியை உதைத்து வந்து சேரும் நேரமும் அடக்கம். லேப்பிலிருந்து அரை மணி தூரத்துக்குள் குடியிருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். என் மாமியார் முதல் வருடம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அவர் அண்ணனுக்கே ஒரு நாள் ராத்திரி பிரைமரி ஆனது. அப்புறம் போன் அடித்தால் அவரே என்னை எழுப்பிவிடுகிறார்.

தேனிப்_பையன் எழுதியது:

அக்கா, நடுவில் ஒரு கேள்வி. எனக்கு டிகிரிக்கு வசதி இல்லை. அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு வருட சர்டிபிகேட் கோர்ஸ், கார்டியாக் கேத்தரைசேஷன் லேப் டெக்னீஷியன் என்று இருக்கிறதே, அது போதுமா?

மதுரை_கேத்லேப் எழுதியது:

தம்பி, அது படித்துவிட்டு அருமையாக வேலை செய்பவர்கள் என் லேப்பிலேயே இருக்கிறார்கள். கட்டணமும் குறைவு, கேஸும் நிறைய. ஆனால் 2021-ல் மத்திய அரசு இந்தத் துறைகளுக்கென்று ஒரு தேசிய ஆணையச் சட்டம் கொண்டு வந்தது. டெக்னீஷியன் மாதிரி துணைப் பணியாளருக்கே குறைந்தது இரண்டு வருடம், 2,000 மணி நேரப் படிப்பு என்கிறது. டிகிரி முடித்த நிபுணர் என்ற தகுதிக்கு 3,600 மணி நேரம். இனி பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் வேலை என்ற பக்கம் விஷயம் நகர்கிறது. ஒரு வருடப் படிப்பை மட்டும் வைத்துக்கொண்டு முப்பது வருடம் ஓட்ட முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். உதவித்தொகை, கல்விக் கடன் எதையாவது பார்த்து டிகிரிக்கு முயற்சி செய். நிஜமாகவே வழி இல்லை என்றால் சர்டிபிகேட்டில் சேர், வேலை பார்த்துக்கொண்டே மேலே படி.

கால்_டாப்ளர் எழுதியது:

வாஸ்குலர், அதாவது ரத்தக் குழாய் பக்கம் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று வந்தேன். நான் சென்னையில் சர்க்கரை நோய் கால் புண்ணுக்கான கிளினிக்கில் இருக்கிறேன். கார்டியாக் டெக்னாலஜிதான் படித்தேன், வேலை முழுக்கக் கால் ரத்தக் குழாய். அமெரிக்காவில் வாஸ்குலர் டெக்னாலஜிஸ்ட் என்று தனித் தேர்வு, தனிப் பட்டம் எல்லாம் உண்டு. நம் ஊரில் ரத்தக் குழாய் ஸ்கேனைப் பெரும்பாலும் ரேடியாலஜி டாக்டர்களே செய்கிறார்கள், அதனால் எங்களுக்கு இடம் குறைவு. ரவி சார் கேட்ட கார்டியோவாஸ்குலர் என்ற பெயர் பல இடத்தில் வெறும் பெயர் அலங்காரம்தான். பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள், வாஸ்குலருக்கு எத்தனை மணி நேரம் என்று.

வேலை சின்னதாகத் தெரியும். ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்க வைக்கும், பேனா மாதிரி ஒரு 8 மெகாஹெர்ட்ஸ் டாப்ளர், பிபி பார்க்கச் சுற்றும் பட்டை மாதிரி ஒரு பிரஷர் கஃப். கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுக்க வேண்டும், ஏபிஐ. 0.9-க்குக் கீழே வந்தால் காலுக்கு ரத்தம் குறைகிறது என்று பொருள். சேர்ந்த புதிதில் ஒரு நெசவாளப் பெரியவர் வந்தார், கட்டை விரல் நுனி கறுத்திருந்தது. ஏபிஐ 1.5. அதிகம்தானே, நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டேன். எங்கள் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. விரலுக்குப் போடும் குட்டிக் கஃபை எடுத்து வரச் சொன்னார். விரல் பிரஷர் 28. முப்பதுக்குக் கீழே போனால் விரல் போகும் அபாயம். பல வருடச் சர்க்கரையில் ரத்தக் குழாயின் சுவர் சுண்ணாம்பேறி, இரும்புக் குழாய் மாதிரியே விறைத்துவிடும், கஃப் அழுத்தினால் மடங்காது, அதனால் எண் பொய்யாக ஏறும். 1.4-க்கு மேல் வந்தால் சந்தோஷப்படாதே, சந்தேகப்படு என்றார். அந்தப் பெரியவருக்கு மறுநாளே காலில் பலூன் செய்தார்கள். கட்டை விரல் தப்பியது, பக்கத்து விரல் தப்பவில்லை.

இரவு டூட்டி கிடையாது, எக்ஸ்ரே கிடையாது. சம்பளம் கேத்லேப்காரர்களைவிடக் குறைவு. எனக்கு இது போதும்.

துபாய்_ராமநாதபுரம் எழுதியது:

வெளிநாடு பற்றி இரண்டு வரி. துபாயில் ஏழு வருடமாக எக்கோ, கேத்லேப் இரண்டும் பார்க்கிறேன். படிப்பு முடித்ததும் விமானம் ஏறலாம் என்று நோட்டீஸில் போடுவது பொய். அனுபவச் சான்றிதழ் வேண்டும், டேட்டாஃப்ளோ என்று ஒரு சரிபார்ப்பு உண்டு, அவர்கள் நம் கல்லூரிக்கும் பழைய ஆஸ்பத்திரிக்கும் நேரடியாக எழுதிக் கேட்பார்கள். அதன் மேல் ஒரு தேர்வு. நான் வேலை பார்த்த முதல் ஆஸ்பத்திரி கொடுத்த லெட்டரில் என் பதவியை வெறும் டெக்னீஷியன் என்று போட்டிருந்தார்கள். எந்த டெக்னீஷியன், ஏசி டெக்னீஷியனா என்று இங்கே கேட்டார்கள். அதைத் திருத்தி வாங்க நாலு மாதம் ஆனது. சேரும் அன்றைக்கே அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் பதவிப் பெயர் முழுதாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்கா ஆசை இருந்தால் ஆர்சிஐஎஸ் என்ற, கேத்லேப்காரர்களுக்கான தகுதித் தேர்வு பற்றிப் படிக்கலாம். இங்கிலாந்தில் இதே வேலைக்குப் பெயர் கார்டியாக் பிசியாலஜிஸ்ட், அந்தப் பெயரில் தேடினால்தான் கிடைக்கும்.

ரவி_கணபதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பட்டறையை ஒரு நாள் பையனிடம் விட்டுவிட்டு மகளோடு இரண்டு இடத்துக்குப் போய் வந்தேன்.

முதல் இடம் அந்த வழவழ நோட்டீஸ். கேஸ் ரெஜிஸ்டர் கேட்டேன். அட்மிஷன் மேடம் சிரித்துக்கொண்டே "சார், அதெல்லாம் கான்பிடென்ஷியல்" என்றார். பெயரை மறைத்துக் காட்டுங்கள் என்றேன். கேன்டீனைக் காட்டினார். கேன்டீன் நன்றாகத்தான் இருந்தது. லேப் இன்னும் ஆறு மாதத்தில் வருமாம்.

இரண்டாவது இடத்தில் லேப் இன்சார்ஜ் ஒரு தாடிக்காரர். ரெஜிஸ்டர் என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார், "யார் சார் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். அப்புறம் பெயர் இருக்கும் பத்தியை ஒரு தாளால் மூடிவிட்டு போன மாதத்தைப் புரட்டிக் காட்டினார். ஒரு நாளைக்கு ஒன்பது, பதினொன்று என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட ஒன்று இரண்டு, நேரம் ராத்திரி. அதைப் பார்த்துவிட்டு அவள் அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன், இன்னும் சொல்லவில்லை. காலாவதியான ஒரு ஒயரை மகள் கையில் கொடுத்தார். விரலில் சுற்றிப் பார்த்தாள். 14 தவுதான், நான் கண்ணாலேயே சொல்லிவிட்டேன், அவர் நம்பவில்லை, பாக்கெட்டைப் பார்த்தார்.

மகள் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: "டேம்ப் ஆகுதுன்னு நாங்க சொல்லி, டாக்டர் கேக்கலைன்னா என்ன பண்றது சார்?" அவர் "இன்னும் சத்தமா சொல்லணும்" என்றார்.

கவுன்சலிங்குக்கு விண்ணப்பித்துவிட்டோம். அதில் வராவிட்டால் அந்தத் தாடிக்காரர் இடம். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி: முதல் வருடத்துக்கு என்ன வாங்கிக் கொடுக்க வேண்டும்? ஸ்டெதாஸ்கோப் வேண்டும் என்று ஒருத்தர் விலை சொல்கிறார்.

மதுரை_கேத்லேப் எழுதியது:

விலையான ஸ்டெதாஸ்கோப் இப்போது வேண்டாம் அண்ணா, பிபி பார்க்கச் சாதாரணமானது போதும். இசிஜி தாளில் அலைகளின் இடைவெளியை அளக்க இசிஜி காலிப்பர் ஒன்று, சின்ன டிவைடர் மாதிரி இருக்கும், அது வாங்குங்கள். உங்கள் பட்டறையிலேயே ஒன்று செய்து கொடுத்தாலும் சரி, முனை மட்டும் கூராக இருக்கட்டும். செருப்பு பின்பட்டை வைத்ததாக, கழுவக் கூடியதாக வாங்குங்கள்.

அண்ணியிடம் அந்த ஞாயிற்றுக்கிழமை விஷயத்தை, மகளைச் சேர்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.